மழையை வாழ்த்திய மறையுரை

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)



 வழக்கமாக நீங்கள் எங்களிடம் வந்து பாவசங்கீர்த்தனம் செய்வீர்கள். இன்று முறை மாறுகிறது. நான் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டு வைகாசி மாதம் மரக்காணம் உப்பளப் பக்கத்தில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். பெயர் வேண்டாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உப்புப் பாத்தியில் வேலை செய்தவர். அன்று எனக்குக் காலையில் இரண்டு பூசை, இடையில் ஒரு கூட்டம், மாலை நான்கு மணிக்கு அந்த அம்மாவின் அடக்கத் திருப்பலி. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது தலை ஓடவில்லை. கைப்பேசியை எடுத்தேன். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம், உப்பளத்தில் உழைத்த ஒரு முதிய கத்தோலிக்கப் பெண்ணின் அடக்கத்துக்கு ஐந்து நிமிட மறையுரை வேண்டும் என்று கேட்டேன்.

நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. நல்ல தமிழ். உலகிற்கு உப்பாக இருக்கும்படி ஆண்டவர் சொன்னது அதில் இருந்தது. உழைப்பின் வியர்வை இருந்தது, உயிர்ப்பின் நம்பிக்கை இருந்தது. உண்மையைச் சொன்னால், நான் எழுதியிருந்தால் இவ்வளவு கோர்வையாக வந்திருக்காது. ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, தாளில் எடுத்துக்கொண்டு போய் வாசித்துவிட்டேன்.

அதில் ஓரிடத்தில், வறண்ட நிலத்தில் இறங்கும் மழையைப் போல இந்தத் தாயின் வாழ்க்கை தம் மக்களுக்கு ஆசீர்வாதமாக இருந்தது என்று வந்தது. அதை வாசித்தபோது முன்வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ஒரு பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது இறந்தவரின் மகள் என் பக்கத்தில் வந்து நின்றார். அழுது சிவந்த கண். "நல்லாத்தான் பேசுனீங்க சாமி. ஆனா எங்கம்மா மழையக் கண்டா மண்ண வாரித் தூத்துவாங்க. அது உங்களுக்குத் தெரியாது போல."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உப்பளக்காரருக்கு மழை பகை. ஒரு மணி நேர மழை போதும், பத்து நாள் வெயிலில் முற்றிய தண்ணீர் மறுபடி வெறும் தண்ணீராகிவிடும். வாரி வைத்த உப்பு கரைந்துபோகும். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு 2024 நவம்பர் 30 மறக்காது. ஃபெஞ்சல் புயல் அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்கில் நின்று கொட்டியது. மரக்காணத்திலிருந்து அதிக தூரமில்லாத மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. மரக்காணத்தில் எது பாத்தி, எது வரப்பு, எது கழுவேலி என்று தெரியாமல் எல்லாம் ஒரே நீராகக் கிடந்தது. அந்த மக்களின் முன்னால், அவர்களுடைய அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, நான் மழையை வாழ்த்தி வாசித்திருக்கிறேன்.

செயலி ஏன் அப்படி எழுதியது? அதற்குக் கெட்ட எண்ணம் கிடையாது, நல்ல எண்ணமும் கிடையாது. மனிதர்கள் எழுதிவைத்த கோடிக்கணக்கான பக்கங்களை அதற்குள் செலுத்தியிருக்கிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதை அது அவற்றிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறது. நம் எழுத்தில் மழை எப்போதும் வரம். திருக்குறளைத் திறந்தால் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. திருப்பாடல்களிலும் மழை கடவுளின் கொடை. எழுதியவர்களில் பெரும்பாலோர் உழவர்களின் ஊரைச் சேர்ந்தவர்கள். உப்பு வாரிய பெண்கள் எத்தனை பேர் புத்தகம் எழுதியிருக்கிறார்கள்? அவர்களுக்குத் தெரிந்தது தாளில் ஏறவில்லை. தாளில் ஏறாததை இயந்திரம் எங்கே போய்ப் படிக்கும்?

ஆனால் தவறு இயந்திரத்தின்மேல் இல்லை. அது அந்த ஊருக்குப் போனதில்லை, நான் போயிருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறு முறை அந்த வெள்ளை அம்பாரங்களைத் தாண்டி வண்டியில் போயிருக்கிறேன். ஒருமுறைகூட நிறுத்தி இறங்கியதில்லை.

அந்த மகள் கோபப்படவில்லை. "ஒருநாள் பாத்திக்கு வாங்க சாமி, காட்டுறேன்" என்றார். அடுத்த வாரம் போனேன். வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறார்கள். நான் ஆறு மணிக்குப் போய் இறங்கியபோது, "மதியத்துக்கு வந்துட்டீங்களா?" என்று ஒருவர் கேலி செய்தார்.

அங்கே நான் கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதை எனக்கு எந்தக் குருமடத்திலும் சொல்லித் தரவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் பாத்தியில் தேங்கிய நீரை வெளியேற்றி, சேற்றை அள்ளி, தரையைக் காலால் மிதிக்கிறார்கள். நாள் கணக்கில் மிதிக்கிறார்கள். களிமண் இறுகினால்தான் தண்ணீர் உள்ளே இறங்காது, உப்பில் சேறு கலக்காது. மிதித்தது போதுமா என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டேன். "கால் சொல்லும் சாமி" என்றார் அந்த மகள். பிறகு உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு விட்டு விட்டு வெயிலில் முற்றவைக்கிறார்கள். அடர்த்தி பார்க்க ஒரு கண்ணாடிக் கருவி உண்டு. "டிகிரி பார்க்கிறது" என்பார்கள்.

இறந்த அம்மாவின் பேரன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவன் கைப்பேசியில் கேட்டுச் சொன்னான்: கடல்நீர் சுமார் 3 டிகிரி, 25 டிகிரியில் உப்பு படியத் தொடங்கும், 29, 30 தாண்டினால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும், அதற்குள் அந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும். எல்லாம் சரி. கருவியை இறக்கிப் பார்த்தோம், 25-ஐத் தொட்டிருந்தது. பையன் பெருமையோடு, "பெரியம்மா, நாளைக்கு வாரலாம்" என்றான்.

அவன் பெரியம்மா, அதாவது இறந்தவரின் மூத்த மகள், குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். தண்ணீரின் மேல் பால் ஏடு போலப் படிந்திருந்த மெல்லிய படலத்தை ஊதிப் பார்த்தார். நிமிர்ந்து மேற்கே கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்கு வேணாண்டா. மேலக்காத்து எழும்பல. இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும், கல்லு பருக்கும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் நாளைக்கு அந்தப் பக்கத்துப் பாத்திக்காரிக்குப் புள்ளைக்கு மொட்டை. அவ இல்லாம நாம வாரினா அவளுக்குக் கூலி போயிடும்" என்றார்.

அன்பார்ந்தவர்களே, இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உப்பு எப்போது விளையும் என்பது அறிவு. கருவிக்கும் அது தெரியும், கைப்பேசிக்கும் தெரியும். காற்றைப் பார்த்து இரண்டு நாள் பொறுப்பது அனுபவம். வானிலைக் கணக்கு நன்றாக இருந்தால் ஒருநாள் அதையும் இயந்திரம் சொல்லிவிடும், நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துப் பாத்திக்காரியின் கூலியை, அந்தக் குழந்தையின் மொட்டையை, உப்பு வாரும் நாளோடு சேர்த்து ஒரே நினைப்பாக நினைக்கிறாரே, அதைத்தான் விவிலியம் ஞானம் என்கிறது என்று எனக்குப் படுகிறது.

சாலமோன் அரசர் கதை உங்களுக்குத் தெரியும். கடவுள் கனவில் தோன்றி, வேண்டியதைக் கேள் என்கிறார். சாலமோன் நீண்ட ஆயுளும் கேட்கவில்லை, செல்வமும் கேட்கவில்லை, எதிரிகளின் சாவும் கேட்கவில்லை. மக்களுக்கு நீதி வழங்க, கேட்கத் தெரிந்த உள்ளம் ஒன்றைக் கேட்டார். அடுத்து விவிலியம் என்ன சொல்கிறது பாருங்கள். உடனே அவர் எழுதிய நூல்களின் பட்டியலைத் தரவில்லை. ஒரே குழந்தைக்குத் தாய் என்று சொல்லிக்கொண்டு வந்த இரண்டு பெண்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. சாட்சி இல்லை. இருவர் சொல்வதும் ஒன்றே. தகவலை மட்டும் வைத்து எடை போட்டால் தராசு நடுவில் நிற்கும். சாலமோன் தகவலைத் தேடவில்லை, தாயின் வயிறு துடிப்பதற்காகக் காத்திருந்தார். இழந்தாலும் பரவாயில்லை, பிள்ளை பிழைக்கட்டும் என்றவள்தான் தாய் என்று கண்டுகொண்டார். அவர் பிள்ளையைப் பெற்றவர் அல்ல. ஆனாலும் இழப்பு என்றால் என்ன என்று அறிந்த ஒரு மனிதர்.

யோபு நூலின் இருபத்தெட்டாம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். சுரங்கத் தொழிலாளியைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக வேறெங்கும் விவிலியத்தில் வராது. இருட்டில் கயிற்றில் தொங்கி, மலையின் வேரைக் குடைந்து வெள்ளியும் பொன்னும் எடுக்கும் மனிதனின் திறமையை யோபு வியக்கிறார். இகழவில்லை, வியக்கிறார். பிறகு கேட்கிறார், ஞானத்தை எங்கே தோண்டுவது என்று. அது தன்னிடம் இல்லை என்று ஆழ்கடலும் கைவிரித்துவிடுகிறது. கடற்கரையில் வாழும் நமக்கு அந்த இடம் கொஞ்சம் கூடுதலாகவே புரியும்.

நான் இயந்திரத்துக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். 1977 நவம்பரில் ஆந்திராவில் திவிசீமாவைத் தாக்கிய புயலில் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். இன்று அப்படி ஒரு புயல் வந்தால் மூன்று நாள் முன்னதாகவே ஊரைக் காலி செய்துவிடுகிறோம். செயற்கைக்கோளும் கணினியும் தந்த உயிர்கள் அவை. 2025 பிப்ரவரியில் ஐரோப்பாவின் பெரிய வானிலை முன்கணிப்பு மையம், செயற்கை நுண்ணறிவால் இயங்கும் கணிப்பு முறையை அன்றாடப் பணிக்கே கொண்டுவந்துவிட்டது. நல்லது. இறைவனுக்கு நன்றி. ஃபெஞ்சல் சமயத்தில் அது புயலாகுமா, தாழ்வு மண்டலமாகவே கரை கடக்குமா என்று கணிப்பு மாறி மாறி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது அறிவியலின் குற்றமல்ல, வங்காள விரிகுடாவின் குணம் அப்படி. கணிப்பு இன்னும் துல்லியமாகட்டும். ஆனால் எவ்வளவு துல்லியமாக வந்தாலும், எச்சரிக்கையைக் கேட்டபின் பக்கத்து வீட்டுக் காது கேட்காத தாத்தாவின் கதவைத் தட்டி, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்து முகாமுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் எழுந்திருக்க வேண்டும்.

திருச்சபையும் இதைப் பற்றித் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டு உலக அமைதி நாள் செய்தியையே செயற்கை நுண்ணறிவு பற்றித்தான் எழுதினார். அவரையே அது விடவில்லை. வெள்ளைப் பஞ்சுக் கோட்டுப் போட்டு அவர் நடப்பதாக 2023-இல் ஒரு போலிப் படம் உலகம் முழுதும் சுற்றியது. நம் ஊர்க் குழுக்களிலும் வந்தது. நானே உண்மை என்று நினைத்து ஒருவருக்கு அனுப்பினேன் (இது இரண்டாவது ஒப்புதல்). திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 மே மாதம் பொறுப்பேற்ற சில நாளிலேயே, தான் அந்தப் பெயரைத் தேர்ந்துகொண்ட காரணத்தைக் கர்தினால்களிடம் சொன்னார். ஆலைத் தொழில் புரட்சியின் காலத்தில், 1891-இல், தொழிலாளர் உரிமை பற்றிச் சுற்றுமடல் எழுதியவர் பதின்மூன்றாம் லியோ. இன்று செயற்கை நுண்ணறிவால் அதே போன்ற ஒரு புரட்சி வந்திருக்கிறது, மனித மாண்பும் நீதியும் உழைப்பும் மறுபடி கேள்விக்குள்ளாகின்றன என்பது அவர் கருத்து.

2025 ஜனவரி 28 அன்று திருப்பீடம் செயற்கை நுண்ணறிவையும் மனித அறிவையும் ஒப்பிட்டு ஓர் ஆவணம் வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்த கருத்து ஒன்று. மனித அறிவு தலைக்குள் மட்டும் இருப்பது அல்ல, உடலோடு சேர்ந்தது, பிறரோடு உள்ள உறவில் வளர்வது என்கிறது. அதை வாசித்தபோது எனக்கு ரோமாபுரி நினைவுக்கு வரவில்லை. கால் சொல்லும் என்ற அந்தப் பெண்ணின் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது.

அந்த ஆவணம் வெளியான நாள் புனித தாமஸ் அக்குவினாவின் திருநாள். திருச்சபையில் அவரளவுக்கு எழுதியவர்கள் குறைவு. அவர் 1273 டிசம்பரில் ஒருநாள் திருப்பலி முடித்து வந்தபின் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெரிய நூல் பாதியில் நிற்கிறது. உடனிருந்தவர் வற்புறுத்தியபோது, தான் கண்டதோடு ஒப்பிட்டால் இதுவரை எழுதியதெல்லாம் வெறும் வைக்கோலாகத் தோன்றுகிறது என்று சொன்னாராம். எழுதியது பொய் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைத்தான் நாம் இன்றும் படிக்கிறோம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் சிலர் நள்ளிரவில் கைப்பேசியிடம் மனம்விட்டுப் பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இவரைக் கட்டிக்கொள்ளலாமா, இந்தப் படிப்பை விட்டுவிடலாமா, நான் வாழ்ந்து என்ன பயன் என்றுகூடக் கேட்கிறீர்கள். ஒரு தம்பி என்னிடம் சொன்னான்: "அது திட்டாது ஃபாதர், எந்நேரமும் பதில் சொல்லும்." என்னால் அவனைக் கோபிக்க முடியவில்லை. நாங்கள் பங்குத்தந்தையர் எத்தனை பேர் இரவு பதினொரு மணிக்குப் போனை எடுக்கிறோம்? எத்தனை அப்பாக்கள் பிள்ளை பேசும்போது தொலைக்காட்சியை அணைக்கிறார்கள்? இருந்தாலும் தம்பி, அந்தக் கடைசிக் கேள்வி வரும் இரவில் வீட்டில் யாரையாவது எழுப்பு. திட்டு விழுந்தாலும் எழுப்பு. நீ இல்லாமல் போனால் அழுவதற்குக் கண் உள்ள ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேள்.

மறுபடி மரக்காணத்துக்கு வருகிறேன். அந்த அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை வந்தது. இந்த முறை எதையும் எழுதிக்கொண்டு போகவில்லை. முந்தின நாள் மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். தேநீர் கொடுத்தார்கள். அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை. காலில் வெடிப்பு வராமல் இருக்க ராத்திரி எண்ணெய் தடவிக்கொண்டு தூங்குவாராம். சம்பளம் வாங்கும் நாளில் முதல் பத்து ரூபாயை அந்தோணியார் கெபி உண்டியலில் போடுவாராம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்த அன்று, தன் பிள்ளைகளைத் தேடி ஓடும் வழியில் யாருடையது என்று தெரியாத ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். தன் பிள்ளைகள் கிடைத்த பிறகும் மூன்று நாள் அந்தக் குழந்தையைத் தன் முந்தானையிலேயே முடிந்துவைத்திருந்தாராம், தாய் வந்து கேட்கும்வரை. அந்தத் தாய் வந்தபோது, இத்தனை நாள் ஆகுமா என்று அவளையே திட்டினாராம்.

இதைச் சொல்லும்போது அவருடைய மகள்கள் இருவரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள்.

மறுநாள் திருப்பலியில் நான் சாலமோனையும் அந்த இரண்டு பெண்களையும் சொன்னேன், இந்தக் குழந்தையைச் சொன்னேன். நடுவில் இரண்டு முறை பேச்சு தடைப்பட்டது, ஒரு விவிலியப் பகுதியின் எண்ணைத் தவறாகச் சொன்னேன். மழையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோது, முன்பு தலையைக் குனிந்துகொண்ட அந்தப் பெரியவர் என்னிடம் வந்து, "சாமி, அந்தக் கொழந்த என் தங்கச்சி மவன்தான். இப்போ சென்னையில வேல பாக்குறான்" என்றார்.

அன்பார்ந்தவர்களே, ஐப்பசி பிறக்கப்போகிறது. மழை தொடங்கினால் அங்கே பாத்திகள் மூடப்படும், தை வரை வேலை இல்லை. நம்மில் உழவர்கள் நல்ல மழைக்காக வேண்டுவோம், வேண்டத்தான் வேண்டும். அதே மழையில் கூலி இழக்கும் அந்தக் குடும்பங்களுக்காகவும் இன்று இரவு செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லுங்கள். முடிந்தவர்கள் அந்தப் பக்கம் போகும்போது வண்டியை நிறுத்தி இறங்கி, அவர்களிடம் நேரில் பேசுங்கள்.

தந்தை மகன் தூய ஆவியாரின் பெயராலே, ஆமென்.